பீரங்கி மாமாவின் கல்லறை

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்புத் துறைமுகத்தின் மேலும் இரத்மலானையின் மேலும் ஜப்பானிய விமானங்கள் வந்தன. அடுத்த சில நாட்களில் நகரத்தில் பாதிப்பேர் ஊரை விட்டுக் கிளம்பியபோது, வயிற்றில் பிள்ளையோடு இவருடைய அம்மாவும் கிளம்பினார். பெரியம்மா பிறந்தது நீர்கொழும்பில், ஒரு உறவினர் வீட்டில்.

அவருடைய தாய்மாமன் அந்தப் போரில் ஆமியில் இருந்தவர். வீட்டில் அவர் பீரங்கி மாமா. சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குடும்பம் வேண்டாம் என்றது. தவிர, இந்தத் தேடலில் பாதித் தொல்லை அந்தப் பெயரால்தான் வந்தது. அதை விட்டுவிட்டு எழுதுவது எனக்கும் வசதி.

"மாமாவைக் கனத்தையிலதான் வச்சிருக்கு தம்பி. வெள்ளைச் சிலுவை. சின்னப்புள்ளையில நான் போயிருக்கேன். இப்ப எந்தப் பக்கம்னு தெரியல. கண்டுபுடிச்சுக் குடுத்தீங்கன்னா ஒரு பூ வச்சிட்டு வந்துருவேன்."

கனத்தை என்பது பொரளையிலுள்ள பெரிய மயானம். அவ்வளவுதான் கேட்டார். இரண்டு கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். ஒன்றரை வருடம் ஆனது. அந்தத் தேடலில் எதைச் சரியாகச் செய்தோம், எங்கே கோட்டை விட்டோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் என்பது மூன்று பேர்: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வங்கியில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி, நான். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் பகுதிகளிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் போன தமிழர்களின் விவரங்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தோம். ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், படைப்பிரிவு, கல்லறை, வாழ்க்கை என்று நாலு கட்டம். நிலத்தில் இருக்கிற ஒன்று, போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கல்லறைக் கட்டத்தைத்தான் முதலில் நிரப்பப் போனோம்.

குடும்பம் சொன்னவை

எந்த வீட்டில் கேட்டாலும் இரண்டு மூன்று கதைகள் கிடைக்கும். இந்த வீட்டிலும் அப்படித்தான். பெரியம்மா சொன்னது கனத்தைச் சிலுவை. அவருடைய தம்பி சொன்னது, மாமா இந்திய ஆமியில், மதராஸ் பட்டாளத்தில் இருந்தார் என்று. மூன்றாவது கதை பேரனுடையது. அதுதான் எல்லாவற்றிலும் சூடானது: மாமா கொக்கோஸ் தீவில் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளம்பியவர்களில் ஒருவர், அதனால்தான் வீட்டில் யாரும் அவரைப் பற்றி அதிகம் பேசவில்லை.

கையில் இருந்த சாமான்கள் மூன்று. அரைக்காற்சட்டையில் நிற்கும் ஒரு புகைப்படம். தொப்பிச் சின்னம் மங்கிப்போய்விட்டது. ஒரு பதக்கம். அப்புறம், சாமியறையில் திருநீறு கொட்டி வைத்திருக்கும் ஒரு பெரிய கறுப்பு ஓடு. அந்த ஓட்டை நாங்கள் சாமானாகவே எண்ணவில்லை. முதல் நாள் அதிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

கனத்தையில் இல்லை

போரில் இறந்த பிரித்தானியப் பேரரசுப் படையினரின் கல்லறைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே 1917இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. இன்றைய பெயர் பொதுநலவாயப் போர் மயானங்கள் ஆணைக்குழு. தளபதியோ சமையல்காரனோ, கல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உடலை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. இறந்த இடத்திலேயே வைத்து, என்றைக்கும் பராமரிக்க வேண்டும். இந்தக் கொள்கைகளை அது ஆரம்பத்திலேயே வகுத்துக்கொண்டது. கொழும்பில் அதன் பொறுப்பிலுள்ள கல்லறைகள் பொரளைக் கனத்தையிலும் ஜாவத்தைப் பக்கமுள்ள லிவரமென்டு மயானத்திலும் இருக்கின்றன. தத்தம் சமய முறைப்படி எரிக்கப்பட்டவர்களுக்குக் குழி கிடையாது என்பதால், அவர்களுடைய பெயர்களுக்கென்று லிவரமென்டுவில் தனியாக ஒரு தகன நினைவகம் உண்டு.

பெயர்ப்பட்டியல் முழுவதும் இணையத்தில் தேடலாம். இங்கேதான் தமிழ்ப் பெயர் காலை வாருகிறது. ஆங்கிலப் பதிவில் சின்னையா மூன்று நாலு விதமாக எழுதப்பட்டிருப்பார். சகரத்தில் தொடங்கினால் ஒரு பக்கம், 'ச்' என்று அழுத்தினால் இன்னொரு பக்கம். ஆறுமுகத்துக்கு எத்தனை 'ஓ' போடுவது என்பது எழுதிய கிளாக்கரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. தந்தை பெயரும் தன் பெயரும் இடம் மாறியிருக்கும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். ஊர்ப் பெயர்களும் அப்படியே. திருநெல்வேலியும் இராமநாதபுரமும் பழைய வெள்ளைக்காரன் எழுத்தில்தான் இருக்கும். தங்கச்சி ஒரு தாளில் மாமாவின் பெயரைப் பதினேழு விதமாக எழுதினாள். பதினேழையும் தேடினோம். இல்லை.

இல்லாததற்குக் காரணம் எழுத்து அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் கனத்தைக்கே போய் வரிசை வரிசையாகப் பார்த்தோம். கையில் கொப்பி, கமரா, மூன்று தமிழர். மரத்தடியில் நின்ற ஒருவர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஆமிக்காரர் ஒருவரின் கல்லறை என்றோம்.

"எந்த ஆமி?"

சாதாரணக் கேள்விதான். ஆனாலும் நாங்கள் மூவரும் ஒரு கணம் பேசாமல் நின்றோம். வடக்கிலும் கிழக்கிலும் துயிலும் இல்லங்கள் மண்ணோடு மண்ணாக்கப்பட்டதையும், கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே இராணுவத் தலைமையகம் கட்டப்பட்டதையும் பார்த்த பிறகு, தமிழில் 'படைவீரர் கல்லறை' என்று சொன்னால் கேட்பவர் மனதில் முதலில் எழுவது 1942 அல்ல. எங்கள் வேலையை 1939 முதல் 1947 வரை என்று வரையறுத்ததற்கு ஆராய்ச்சிக் காரணம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். உண்மையான காரணம், அந்தக் காலத்துக்குள் நின்றால் யாரும் எங்களைத் தடுக்க மாட்டார்கள் என்பதுதான். அதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

"பழைய ஆமி, வெள்ளைக்காரன் காலம்" என்றோம். ஆள் சிரித்துவிட்டு, இந்தப் பக்கம் போங்கள் என்று கையைக் காட்டினார்.

பேரில்லாத பதக்கம்

பதக்கத்தில் ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். 1939–45 போர்ப் பதக்கம். 28 நாள் முழுநேரச் சேவை செய்தவருக்கெல்லாம் கொடுத்தது. வீரத்துக்கானது அல்ல, வந்து நின்றதற்கானது. விளிம்பில் பெயர் ஏதும் இல்லை. பேரன் முகம் வாடிவிட்டது.

பெயர் இல்லாததே ஒரு தகவல் என்பதைக் கவனித்தவர் எங்கள் ஆசிரியர். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல் கொடுப்பதென்று பிரித்தானியா முடிவெடுத்தது. அப்படியில்லாமல் பெயர் பொறித்துக் கொடுத்தவை இந்தியா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றுதான். மாமா இந்திய ஆமியில் இருந்திருந்தால் விளிம்பில் எண்ணும் பெயரும் இருந்திருக்க வேண்டும். ஆகவே மதராஸ் பட்டாளக் கதை ஆட்டம் கண்டது. விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது; பதக்கம் கை மாறியிருக்கலாம். நாலு மாதம் கழித்து, வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மாவின் சித்தி மகளிடமிருந்து ஒரு பழைய கடித உறை வந்தது. மாமாவின் பெயருக்கு முன்னால் 'கன்னர்' (பீரங்கிப் படைச் சிப்பாய்), பின்னால் 'சீ.ஜீ.ஏ.' அதாவது சிலோன் கரிசன் ஆட்டிலரி, இலங்கையின் கரையோரப் பீரங்கிப் படை. பீரங்கி மாமா என்ற பட்டப்பெயர் அவ்வளவு நாளும் எங்கள் காதிலேயே கிடந்தது. அதை ஒரு சான்றாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர் எழுதிய விதமும் அந்த உறையில் இருந்தது. எங்கள் பதினேழில் அது இல்லை, பதினெட்டாவது.

தேங்காய்த் தீவு

இப்போது பேரனின் கதைக்கு உயிர் வந்துவிட்டது. ஏனென்றால் கொக்கோஸ் கலகம் நடந்ததே இந்தப் படைப்பிரிவில்தான்.

1942 மே 8ஆம் தேதி இரவு, இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவுக் கூட்டத்தில் ஹோர்ஸ்பரோ என்ற சின்னத் தீவில், இரண்டு ஆறங்குலப் பீரங்கிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்த இலங்கைப் படையினரில் ஒரு பகுதியினர் கலகம் செய்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோ என்பவர் தலைமை. அதிகாரிகளைப் பிடித்து வைத்து, தீவை ஜப்பானியரிடம் கொடுப்பது திட்டம். அன்றிரவே தோற்றது. ஒரு கன்னர் கொல்லப்பட்டார். விசாரணையில் ஏழு பேருக்கு மரண தண்டனை. அவர்களில் மூவர் அந்த ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூவர் மட்டுமே.

எப்படிப்பட்ட கதை! நாங்கள் மூன்று பேரும் அதற்குள் விழுந்துவிட்டோம். மாமா "தேங்காய்த் தீவுக்குக் கப்பலில் போனேன்" என்று சொன்னதாகப் பெரியம்மாவுக்கு நினைவு வேறு. கொக்கோஸ் என்றால் தேங்காய்தானே? சரி, பொருந்திவிட்டது என்று அட்டையில் பென்சிலால் எழுதியும் விட்டோம். பல மாதம் அந்த வழியிலேயே போனோம். இதைத்தான் இந்த ஆய்வின் பெரிய பிழையாகச் சொல்வேன். கதை நன்றாக இருந்ததாலேயே அதை முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் போருக்குப் போனவர்கள் பலர் மூட்டை கணக்கெடுத்தவர்கள், லொறி ஓட்டியவர்கள், கரையில் நின்று வராத கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பேரப் பிள்ளைகளுக்கு அது போதவில்லை.

விடை திருநீற்றுப் பாத்திரத்தில் இருந்தது. ஒரு நாள் தங்கச்சி அதைத் துடைத்து வைத்த பெரியம்மாவிடம் சும்மா கேட்டாள், இது என்ன ஓடு என்று. "மாமா கொண்டு வந்த தேங்காய்" என்றார். எடுத்துப் பார்த்தோம். கனமான, கறுப்பான, இரண்டு தேங்காயை ஒட்டிப் பாதியாகப் பிளந்த மாதிரி ஒன்று. கடல் தேங்காய். நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும். அந்த மரம் இயற்கையாக வளர்வது சீஷெல்ஸ் தீவுகளில் மட்டும்தான். சிலோன் கரிசன் ஆட்டிலரியின் ஒரு பிரிவு கொக்கோஸுக்குப் போனது போலவே இன்னொன்று சீஷெல்ஸுக்கும் போயிருந்தது.

இது தீர்ப்பல்ல. கடல் தேங்காய் கடலில் மிதந்து மாலைதீவு வரை போகும். பேராதனைப் பூங்காவிலும் மரம் நிற்கிறது. யாரிடமாவது விலைக்கு வாங்கியும் இருக்கலாம். ஆனாலும் 'மாமா கொண்டு வந்த தேங்காய்', 'தேங்காய்த் தீவு', படைப்பிரிவின் பெயர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தராசு சீஷெல்ஸ் பக்கம்தான் சாய்கிறது. அட்டையில் 'பெரும்பாலும் சீஷெல்ஸ்' என்று எழுதியிருக்கிறோம். பேரனுக்கு இன்னும் கோபம்.

சான்றிதழில் ஆமி இல்லை

மரணச் சான்றிதழ் எடுக்கும் கதை நீளமானது, சுருக்குகிறேன். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் இன்னோர் இடத்தில், ஆண்டு சரியாகத் தெரியாமல், வரிசையாகத் தேடிக் கொடுத்தார்கள். 1949. காசநோய். தொழில் என்ற இடத்தில் துறைமுகத் தொழிலாளி. ஆமி பற்றி ஒரு சொல் இல்லை.

ஆணைக்குழுவின் பட்டியலில் ஏன் இல்லை என்பதற்கு விடை அந்த ஆண்டுதான். இரண்டாம் உலகப் போருக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அதற்குப் பிறகு இறந்தவர் அவர்கள் கணக்கில் போரில் மடிந்தவர் அல்ல. நோய் பாசறையில் தொற்றியதா, துறைமுகத்தில் தொற்றியதா என்று இனி யாரும் சொல்ல முடியாது. எங்கள் பட்டியலை இதற்குப் பிறகு திரும்பப் பார்த்தபோது, உயிரோடு திரும்பி வந்து வீட்டில் இறந்தவர்கள்தான் மிகுதி. அவர்களுக்கு எந்த நாடும் கல் வைக்கவில்லை. குடும்பம் வைத்தால் உண்டு, காசு இருந்தால் வைத்திருக்கும்.

பட்டியலுக்குள் வர வேண்டியவர்களே விடுபட்டிருக்கிறார்கள் என்பது தனி விடயம். முதலாம் உலகப் போரைப் பற்றி ஆணைக்குழு 2021இல் வெளியிட்ட சொந்த அறிக்கையே, ஆசிய, ஆபிரிக்கப் படையினரிலும் தொழிலாளர் படையினரிலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, ஒருவேளை நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. 'எல்லோருக்கும் ஒரே கல்' என்ற கொள்கை ஐரோப்பாவைத் தாண்டியதும் எப்படித் தளர்ந்தது என்று அதில் விரிவாக இருக்கிறது.

கொழும்பில் இந்தக் கோபம் புதிதில்லை. விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்கும் போர் நினைவுத் தூண் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது. 1923இல் காலிமுகத்திடலில் திறந்தார்கள், இரண்டாம் போரில் ஜப்பானியப் பீரங்கிக்குக் குறி காட்டும் என்று பயந்து பூங்காவுக்கு மாற்றினார்கள். முதலாம் போர் முடிந்த நாளான நவம்பர் 11இல் ஒவ்வொரு வருடமும் பொப்பிப் பூ விற்ற காசில் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்களுக்கே போனது. உள்ளூர்க்காரருக்குப் போகட்டும் என்று 1931இல் ஏலியன் பெரேரா அதே நாளில் சூரியமல் விற்கத் தொடங்கினார். பிறகு ஆங்கிலேய இடதுசாரியான டொரீன் யங்கும் இளைஞர்களும் அதை ஓர் அரசியல் இயக்கமாகவே ஆக்கினார்கள். சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, நம் பூவரசம்பூ. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவோமே, அந்த மரம்தான்.

பதவி இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1955இல் இலங்கை இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியான அன்டன் முத்துக்குமாரு ஒரு கொழும்புத் தமிழர். 2001இல் அவர் இறந்தது அவுஸ்திரேலியாவில். கல்லறை இங்கே இல்லாவிட்டாலும் எங்கே படித்தார், எப்போது படையில் சேர்ந்தார், எந்தெந்த நாட்டுக்குத் தூதராகப் போனார் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. நாட்டின் படைத்துறை வரலாற்றையும் அவரே எழுதி வைத்தார். எங்கள் கன்னருக்கு இருப்பது ஓர் உறையும் ஓர் ஓடும்.

டிராமில் போனது யாரோடு?

வெள்ளைச் சிலுவை மட்டும் பாக்கி. சைவக் குடும்பம். நாள் தவறாமல் திருநீறு. பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரம். இப்படி ஒருவருக்கு எதற்குச் சிலுவை? இந்தக் கேள்வியை நாங்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆமியில் எல்லோருக்கும் சிலுவைதான் வைப்பார்கள் என்று நாங்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டோம். அது தவறு. சமயத்துக்கு ஏற்றபடிதான் வைத்தார்கள்.

மூன்று முறை பெரியம்மாவிடம் சிலுவையைப் பற்றியே கேட்டிருந்தோம். எவ்வளவு உயரம், பக்கத்தில் மரம் இருந்ததா, எழுத்து இருந்ததா. ஒவ்வொரு முறையும் அதே பதில், கொஞ்சம் கூடக்குறைய. நாலாவது முறை ஆசிரியர் சிலுவையை விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளைக்கு அந்தக் காலத்தில் எப்படிப் போனீர்கள் என்று கேட்டார். அவருக்கு டிராம் என்றால் பைத்தியம்; உண்மையில் அந்த ஆசையில்தான் கேட்டார்.

பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. பொரளைக்குப் போன டிராம், மணி அடிக்கிற சத்தம், ஜன்னலோரம் இடம் பிடித்தது, இறங்கினதும் வாங்கிக் கொடுத்த கடலை. பேசிக்கொண்டே போனார்.

"யார் பெரியம்மா கடலை வாங்கிக் குடுத்தது?"

"மாமாதான்."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் சாமியறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்ப அது மாமா இல்ல."

மாமா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சிலுவையின் முன்னால் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறார். பக்கத்தில் நின்றது ஆறு வயதுப் பிள்ளை. மறு வருடமோ அதற்கு அடுத்ததோ மாமாவும் போய்விட்டார். வளர வளர இரண்டு சாவும் ஒன்றாகிவிட்டது. எழுபத்தைந்து வருடம் அந்தச் சிலுவை மாமாவுடையதாக இருந்தது.

வெள்ளவத்தைச் சித்தி மகளைத் திரும்பவும் கேட்டோம். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மாமாவை எரித்தது மாதம்பிட்டியில், சாம்பல் கரைத்தது முகத்துவாரத்தில், களனி கங்கை கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட. "நீங்க கல்லறை எங்கன்னுதானே கேட்டீங்க? அவருக்குக் கல்லறையே இல்லையே" என்றார். எங்கள் அட்டையின் கட்டம் அப்படித்தான் கேட்டது. இப்போது அந்தக் கட்டத்தின் தலைப்பை 'கடைசி இடம்' என்று மாற்றிவிட்டோம். மாற்றியதும் நிரம்பாமல் கிடந்த அட்டைகள் பல நிரம்பின. கடல், ஆறு, தோட்டத்து மூலை, வேறொருவர் மேலே வைக்கப்பட்டுவிட்ட குழி.

கனத்தைக்குப் பெரியம்மாவைக் கூட்டிப்போனோம், சக்கர நாற்காலியில். அந்தக் காலத்தின் தற்காலிகச் சிலுவைகள் இப்போது இல்லை. ஆணைக்குழு வைத்த நினைவுக் கற்கள் நிற்கின்றன. அதே பீரங்கிப் படையைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெயர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. மாமாவின் சினேகிதர் அவர்களில் யார் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. பெரியம்மா எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பூ வைத்தார். கொண்டு போன பூ போதவில்லை. வாசலில் போய் இன்னும் வாங்கி வந்தோம்.

ஒவ்வொரு மாதமும் ஒரு தடவையாவது அவருடைய தொலைபேசி வரும். சுகம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பிப்பார். மாமாவைப் பற்றி இப்போதெல்லாம் கேட்பதில்லை.

"அந்த ஆளு பேரு என்னன்னு இன்னும் கண்டுபுடிக்கலையா தம்பி? அவங்க வீட்டுல யாராச்சும் இருப்பாங்கல்ல?"